எத்தனை டியூனர்கள் போதும்?

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கு ஓய்வே இல்லை. மக்களவைத் தேர்தலில் தமிழகம் ஏப்ரல் 18 அன்று வாக்களித்தது; அதற்கு முன்னும் பின்னும் செய்தி அலைவரிசைகளில் இரவுதோறும் விவாதம். ஐ.பி.எல். ஆட்டங்கள் இரவு 8 மணிக்குத் தொடங்கி நள்ளிரவை நெருங்கும்வரை நீண்டன. நெடுந்தொடர்களோ எந்தத் தேர்தலுக்காகவும் தங்கள் நேரத்தை விட்டுக்கொடுப்பவை அல்ல.

குன்னூரை அடுத்த எங்கள் வீட்டில் வார நாள்களில் நான்கு பேர். நான், மனைவி, செவிலியராகப் பணிபுரியும் மருமகள், பள்ளி செல்லும் பேரன். மகன் கோவையில் வேலை பார்க்கிறான். வார இறுதியில்தான் மலையேறி வருவான். வீட்டில் இரண்டு தொலைக்காட்சிகள். மனைவியின் அறையில் இருப்பதற்குச் சாதாரண செட்டாப் பாக்ஸ். கூடத்தில் இருப்பதற்கு, நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவைத்துப் பிறகு பார்க்க உதவும் ரெக்கார்டர். நான் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றவுடன் வாங்கியது அது. பிற்பகல் பணி முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் மருமகள், ஒன்பது மணிக்கு ஒளிபரப்பாகும் தனக்குப் பிடித்த தொடரைப் பார்க்க வேண்டும் என்பதே அதை வாங்கியதற்குக் காரணம்.

வாங்கும்போது கணக்குப் போட்டவன் நான்தான். ரெக்கார்டரில் இரண்டு டியூனர்கள், மனைவியின் பெட்டியில் ஒன்று, ஆக மூன்று. வீட்டில் நால்வர் இருந்தாலும் நால்வரும் எப்போதும் தொலைக்காட்சி பார்ப்பதில்லை. ஒரு நாளின் மொத்தப் பார்வை நேரத்தைச் சேர்த்து வகுத்துப் பார்த்தால், சராசரியாக ஒரு டியூனருக்குக்கூட முழுமையான வேலை இல்லை. எனவே மூன்று தாராளமாகப் போதும் என்று முடிவு செய்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் போட்ட கணக்கு என்பதால் வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தக் கணக்கு இரண்டு இடங்களில் பிழை என்பது பின்னர்தான் எனக்குப் புரிந்தது.

பிழையைச் சொல்வதற்கு முன், டியூனர் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழல்வதால் நமக்கு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்களிலிருந்து இந்த ஒளிபரப்பு வருகிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகைக்கு மேலே நிற்கிறது. நீலகிரியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில் ஏறத்தாழ 66 பாகை உயரத்தில் இருக்கும். அவ்வளவு உயரத்தில் இருப்பதால்தான் பள்ளத்தாக்கில் உள்ள வீடுகளுக்கும் மலைகள் குறுக்கே நிற்பதில்லை. அருகிலுள்ள சில்வர் ஓக் மரங்கள்தாம் குறுக்கே நிற்கின்றன. சரிவுகளில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் கேபிள் இழுப்பது கடினமான இம்மாவட்டத்தில் டிஷ் ஆண்டெனா இவ்வளவு பரவியதற்கு இது ஒரு காரணம்.

செயற்கைக்கோளில் டிரான்ஸ்பாண்டர் எனப்படும் அலைபரப்பிகள் பல உள்ளன. ஒவ்வொன்றும் தனக்குரிய அதிர்வெண்ணில் பல சேனல்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்புகிறது. ரிமோட்டில் நாம் ஓர் எண்ணை அழுத்தியதும், அந்தச் சேனல் எந்தக் கட்டில் இருக்கிறதோ அந்த அதிர்வெண்ணைப் பற்றிக்கொள்ளும் உறுப்பே டியூனர். ஒரு டியூனர் ஒரு நேரத்தில் ஒரு கட்டை மட்டுமே பற்றும். நாம் பார்க்கும் சேனலும் பதிவாக வேண்டிய சேனலும் ஒரே கட்டில் இருந்தால் ஒரு டியூனரே இரண்டுக்கும் போதும்; சில பெட்டிகள் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்கின்றன, பல பெட்டிகள் அவ்வாறு வடிவமைக்கப்படவில்லை. அவை வெவ்வேறு கட்டுகளில் இருந்தாலோ எந்தப் பெட்டியாக இருந்தாலும் இரண்டு டியூனர்கள் வேண்டும். ஏற்கெனவே பதிவான நிகழ்ச்சியைப் பார்ப்பதற்கு டியூனரே தேவையில்லை. அது பெட்டிக்குள் இருக்கும் வட்டிலிருந்து வருகிறது.

டியூனரைக் கூட்டுவது பெட்டியை மாற்றுவதோடு முடிந்துவிடுவதுமில்லை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற உறுப்பு, இருவேறு அலைத் தளங்களில் வரும் சமிக்ஞைகளைப் பெறுகிறது. வழக்கமான அமைப்பில் ஒரு கேபிள் ஒரு நேரத்தில் ஒரு தளத்தின் சமிக்ஞையைத்தான் கீழே கொண்டுவரும். எந்தத் தளம் என்பதை 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் மின்னழுத்தத்தைக் கேபிள் வழியே மேலே அனுப்பிப் பெட்டி தெரிவிக்கிறது. எனவே இரண்டு டியூனர்களுக்கு இரண்டு கேபிள்கள் தேவை. ஒரே கேபிளில் பல டியூனர்களுக்கு இடமளிக்கும் எல்.என்.பி.களும் பின்னர் வந்துவிட்டன. எங்கள் வீட்டில் மரங்களின் மறைவைத் தவிர்க்க டிஷ்ஷைத் தோட்டத்தின் ஓரத்தில் நட்டிருந்தோம். அங்கிருந்து இரண்டாவது கேபிளை இழுத்தவர் செலவைச் சொன்னபோதுதான், இரண்டாவது டியூனருக்கு ஒரு விலை உண்டு என்பது எனக்கு உறைத்தது.

இனி முதல் பிழைக்கு வருகிறேன். நான் பார்த்தது சராசரியை. பார்த்திருக்க வேண்டியது உச்சத்தை. இதை நீலகிரியில் வாழும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் திறனை ஆண்டு முழுவதும் வரும் பச்சைத் தேயிலையின் சராசரியோடு ஒப்பிட்டால் திறன் மிஞ்சியே நிற்கும். ஆனால், மழைக்குப் பின் கொழுந்து பெருகும் வாரங்களில் வாட்டும் தொட்டிகள் நிரம்பிவிடும். அப்போது ஒவ்வொருவரிடமும் இவ்வளவுதான் வாங்குவோம் என்று கோட்டா வந்துவிடும். பறித்த கொழுந்து காத்திருக்காது. அன்றே ஆலைக்குள் போகாவிட்டால் அது வீண். ஆண்டுச் சராசரியைக் காட்டி அந்தச் சிறு விவசாயிக்கு யாரும் ஆறுதல் சொல்ல முடியாது. ஒன்பது மணித் தொடரும் பறித்த கொழுந்தைப் போன்றதுதான். அந்த நேரத்தில் டியூனர் இல்லையென்றால், அதிகாலை மூன்று மணிக்கு மூன்று டியூனர்களும் வேலையற்றுக் கிடப்பதால் பயனொன்றும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கணக்கு உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற டேனிஷ் கணிதவியலாளர், ஓர் ஊருக்கு எத்தனை தொலைபேசித் தடங்கள் போதும் என்பதைக் கணக்கிட 1917இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். எல்லாத் தடங்களும் பயன்பாட்டில் இருக்கும்போது வரும் அழைப்பு இழக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டு, எத்தனை அழைப்புகள் அவ்வாறு இழக்கப்படும் என்று அது சொல்கிறது. தடம் என்ற இடத்தில் டியூனரையும், அழைப்பு என்ற இடத்தில் நிகழ்ச்சியையும் வைத்துப் பாருங்கள். உச்ச நேரத்தில் ஒரு வீட்டின் தேவை சராசரியாக ஒரு நிகழ்ச்சி என்று கொண்டால், ஒரே டியூனர் உள்ள வீட்டில் தேவையில் பாதி, அதாவது 50 விழுக்காடு, நிறைவேறாது. இரண்டு டியூனர்கள் இருந்தால் இழப்பு 20 விழுக்காடாகக் குறையும். மூன்றில் 6.25 விழுக்காடு. நான்கில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு.

இந்த எண்கள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. தேவையின் சராசரி ஒன்று என்பதால் டியூனரும் ஒன்று போதும் என்பவர் பாதியை இழப்பார் என்பது முதல் செய்தி. அடுத்தடுத்துச் சேர்க்கும் ஒவ்வொரு டியூனரும் முந்தையதைவிடக் குறைவான பயனையே தரும் என்பது இரண்டாவது. இரண்டாவது டியூனர் 30 விழுக்காட்டுப் புள்ளிகளை மீட்டுத் தருகிறது. நான்காவது தருவது ஐந்துக்கும் குறைவு. குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை ஆப்பிளையும் தோசையையும் காட்டி வகுப்பில் விளக்கிய எனக்கு, இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

எனினும், வீட்டின் நிலைமை எர்லாங்கின் ஊரைவிட மோசம். அவருடைய கணக்கில் அழைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி எப்போது வேண்டுமானாலும் வரும். தொலைக்காட்சியிலோ எல்லாரும் விரும்புவது இரவு எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் வந்து குவிகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. நிகழ்ச்சிகள் குறித்த நொடியில் தொடங்குவதில்லை, முடிவதுமில்லை. அதனால் தொடக்கத்தையும் முடிவையும் இழக்காதிருக்க, பதிவை இரண்டு நிமிடம் முன்னதாகத் தொடங்கி ஐந்து நிமிடம் தாமதமாக முடிக்குமாறு அமைப்பது வழக்கம். இப்படி அமைத்தால் ஒரு சேனலில் ஒன்பது மணிக்கு முடியும் தொடரும், வேறொரு சேனலில் ஒன்பது மணிக்குத் தொடங்கும் தொடரும் ஏழு நிமிடங்களுக்கு ஒன்றன்மீது ஒன்று ஏறிக்கொள்ளும். காகிதத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு நிகழ்ச்சிகள் பெட்டிக்குள் இரண்டு டியூனர்களைக் கேட்கும். கிரிக்கெட் ஆட்டம் நீளும் நாள்களில் சொல்லவே வேண்டாம்.

சரி, டியூனர் போதாதபோது என்ன நடக்கிறது? இங்கேதான் என் இரண்டாவது பிழை இருக்கிறது; அது முதல் பிழையைவிடப் பெரியது.

அந்த ஏப்ரலில் ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மனைவி தன் அறையில் தன் தொடரைப் பார்ப்பார். அது அவருடைய பெட்டியின் ஒரே டியூனர். கூடத்தில் பேரன் கிரிக்கெட் பார்ப்பான்; ரெக்கார்டரின் முதல் டியூனர். அவனோடு உட்கார்ந்து நானும் ஆட்டம் பார்ப்பேன் என்பதால், ஒன்பது மணி விவாதத்தைப் பதிவில் போட்டுவிடுவேன், இரண்டாவது டியூனர். அந்த நேரத்தில், மருமகள் என்றோ அமைத்துவைத்த தொடரின் பதிவும் தொடங்க வேண்டும். உடனே திரையில் ஓர் அறிவிப்பு வரும். இரண்டு டியூனர்களும் பயன்பாட்டில் உள்ளன, எதை ரத்து செய்யலாம் என்று பெட்டி பணிவோடு கேட்கும். கூடத்தில் இருப்பவர்களில் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு பொத்தானை அழுத்துவார். ஆட்டம் தொடரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, பழைய விவாதம் ஒன்றைத் தேடிப் பதிவுப் பட்டியலைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போனேன். பதிவானவற்றுக்கு நடுவே ரத்தானவையும் வரிசையாக இருந்தன. கடந்த 28 நாள்களில் 13 ரத்துகள். இரண்டு என்னுடைய விவாதங்கள். பதினொன்று மருமகளின் தொடர். கிரிக்கெட் ஒருமுறைகூட இல்லை. யார் ரத்து செய்தார் என்பதைப் பெட்டி சொல்லாது. ஆனால், என் நினைவு சொன்னது. பெரும்பாலானவை நான் அழுத்தியவை.

அன்று மாலை மருமகளிடம் கேட்டேன். “பரவாயில்லை மாமா. ஆஸ்பத்திரியில கூட வேலை செய்யறவங்க கதையைச் சொல்லிடுவாங்க” என்றாள். ஒரு மாதமாகத் தன் தொடரைப் பிறர் வாய்ச்சொல்லாகவே கேட்டுக்கொண்டிருந்தவள், அதைப் பற்றி வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை.

பதிவுக் கருவி யாருக்கானது? அந்த நேரத்தில் திரையின் முன் இருக்க முடியாதவருக்கானது. டியூனர் போதாதபோது யாருடைய நிகழ்ச்சி போகும் என்பதை முடிவு செய்பவர் யார்? அந்த நேரத்தில் திரையின் முன் இருப்பவர். எனவே பற்றாக்குறையின் சுமை, யாருக்காகக் கருவி வாங்கப்பட்டதோ அவர் மீதே தவறாமல் விழுகிறது. இதில் யாருக்கும் தீய எண்ணம் தேவையில்லை. பேரன் தன் தாய்க்குத் தீங்கு நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அங்கே இல்லாதவருக்காகப் பேசக் கூடத்தில் ஆள் இல்லை என்பது மட்டுமே காரணம்.

பொருளியலில் இது புதிய செய்தி அன்று. நான் வகுப்பில் நடத்திய பாடம். கேரி பெக்கர் 1981இல் வெளியிட்ட குடும்பம் குறித்த நூலில், அனைவரின் நலனிலும் அக்கறை கொண்ட ஒரு குடும்பத் தலைவர் இருந்தால், குடும்பம் முழுவதும் ஒரே விருப்பம் கொண்டதுபோலவே நடந்துகொள்ளும் என்று வாதிட்டார். அமர்த்திய சென் அதனை ஏற்கவில்லை. குடும்பத்துக்குள் ஒத்துழைப்பும் முரணும் சேர்ந்தே இருக்கின்றன, யாருடைய தேவை தேவையாகவே உணரப்படுகிறது என்பதில்தான் ஏற்றத்தாழ்வு தொடங்குகிறது என்பது அவருடைய வாதம். தேர்வுத் தாள்களில் இந்த இருவரையும் ஒப்பிடச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வீட்டில் டியூனரை எண்ணியபோது மட்டும், என்னை அறியாமலே பெக்கரின் குடும்பத் தலைவனாக இருந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் திரையின் முன் இருக்க முடியாதவர் பெரும்பாலும் யார் என்பதற்கும் சான்று இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் அதே 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அலுவலகத்திலோ, தேயிலைத் தோட்டத்திலோ, மருத்துவமனையிலோ வேலை முடித்து வந்து இந்த 299 நிமிடங்களையும் தொடங்கும் பெண்ணுக்கு, ஒன்பது மணி என்பது திரையின் முன் அமரும் நேரம் அன்று, அடுப்படியின் நேரம். தோட்டத்து லைன் வீடுகளில் பெரும்பாலும் ஒரு தொலைக்காட்சி, ஒரு பெட்டி, ஒரு டியூனர். அங்கே பதிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுக்களையிலிருந்து காதால் கேட்டுத் தொடரைப் பின்தொடரும் பெண்களை அந்த வீடுகளில் பார்த்திருக்கிறேன். ரெக்கார்டர் உள்ள வீட்டில் என் மருமகளுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அப்படியானால் மூன்றாவது டியூனர் கொண்ட ரெக்கார்டரை வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். உலகம் அந்த வழியில்தான் போனது. இந்தியாவில் 2008இல் அறிமுகமான டாட்டா ஸ்கை பிளஸ் இரண்டு டியூனர்களோடு வந்தது. பிரிட்டனில் 2016இல் வந்த ஸ்கை கியூ ரெக்கார்டரில் 12 டியூனர்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் டிஷ் நிறுவனம் வெளியிட்ட ஹாப்பர் 3 பெட்டியில் 16. ஒரு குடும்பம் ஒரே நேரத்தில் 16 சேனல்களைப் பார்க்காது என்பது அந்த நிறுவனங்களுக்குத் தெரியாததன்று. டியூனரின் உற்பத்திச் செலவு வீழ்ந்துவிட்ட நிலையில், ‘எதை ரத்து செய்யலாம்’ என்ற கேள்வி எந்த வீட்டிலும் எழாமல் இருப்பதே அவர்கள் விற்ற பொருள்.

நம் நாட்டில் டியூனரைக் கூட்டுவதற்கான செலவு அவ்வளவு எளிதாகக் குறையவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த டிராய் அமைப்பின் புதிய கட்டண முறையில், முதல் நூறு சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. ஒரே வீட்டில் இரண்டாவது தொலைக்காட்சி இருந்தால் அதற்கும் முழுக் கட்டணமா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2020 ஜனவரியில் ஆணையம் விதிகளைத் திருத்தி, ஒருவர் பெயரில் உள்ள இரண்டாவது இணைப்புக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் அடிப்படைக் கட்டணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. அதாவது 130 ரூபாய்க்கு 52 ரூபாய். 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பையே ஆணையம் விலக்கிக்கொண்டது. கட்டணத்தின் அலகு வீடா, பெட்டியா என்பதே இத்தனை திருத்தங்களுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. வீடு என்றால், வீட்டுக்குள் யாருக்குக் கிடைக்கிறது என்பதை ஒழுங்குமுறை ஆணையம் பார்க்க முடியாது. அதை வீட்டார்தாம் பார்க்க வேண்டும்.

நாங்கள் புதிய பெட்டி வாங்கவில்லை. மூன்று மாற்றங்களைச் செய்தோம். முதலாவது, ஒரு விதி: பதிவுக்கு அமைக்கப்பட்ட நிகழ்ச்சியைக் கூடத்தில் இருப்பவர் ரத்து செய்யக் கூடாது. நேரில் பார்ப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது அமைத்தவரைத் தொலைபேசியில் கேட்க வேண்டும். அங்கே இல்லாதவருக்கு முன்னுரிமை. இரண்டாவது, மாற்று வழி உள்ளவர் விலக வேண்டும். என் ஒன்பது மணி விவாதம் மறுநாள் காலை யூடியூபில் கிடைத்தது. பெரும்பாலான நாள்களில் அதைப் பார்க்காமல் விட்டாலும் நாட்டுக்கோ எனக்கோ இழப்பில்லை என்பதும் விளங்கியது. மூன்றாவது, உச்ச நேரத்தைக் கலைப்பது. பல தொடர்களுக்கு மறுநாள் பகலில் மறுஒளிபரப்பு உண்டு. நேரம் கடந்து பார்ப்பவருக்கு இரவில் பதிவானால் என்ன, பகலில் பதிவானால் என்ன? டியூனர்கள் உறங்கும் பகல் வேளைக்குச் சில பதிவுகளை மாற்றினோம். மின்வாரியங்கள் உச்ச நேரத்துக்குத் தனிக் கட்டணம் வைப்பதன் நோக்கமும் இதுவே. இந்த மூன்றுக்கும் ஆன செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

பேரன் முதலில் முகம் சுளித்தான். “அம்மா இங்க இல்லையே தாத்தா” என்றான். “அதனாலதான்” என்றேன்.

ரெக்கார்டர் வாங்க எண்ணுவோருக்கும், இருப்பதே போதுமா என்று குழம்புவோருக்கும் ஒரு வழி சொல்லலாம். ஒரு வாரம், இரவு எட்டு மணி முதல் பத்தரை வரை, கால் மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள்: நேரில் எத்தனை சேனல், பதிவில் எத்தனை சேனல். பதிவின் முன்பின் நிமிடங்களையும் சேருங்கள். வாரத்தின் மிக உயர்ந்த எண்ணே உங்கள் உச்சத் தேவை. அது ஓரிரு நாள்களில் மட்டும் டியூனர்களின் எண்ணிக்கையைத் தாண்டினால், மறுஒளிபரப்பைப் பயன்படுத்தியே சமாளித்துவிடலாம். வாரத்தில் பாதிக்கு மேல் தாண்டினால் கூடுதல் டியூனர் தேவை. டியூனரைக் கூட்டும் முன் கேபிளும் எல்.என்.பி.யும் அதற்கு இடம் தருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால், பெருமழையின்போது எத்தனை டியூனர்கள் இருந்தாலும் பயனில்லை. இந்த அலைகளை அடர்ந்த மழை உறிஞ்சிவிடும். டிஷ் ஒன்றே என்பதால் எல்லா டியூனர்களும் ஒரே நேரத்தில் வெறுங்கையோடு நிற்கும். தென்மேற்குப் பருவமழையைக் கண்ட கூடலூர், தேவாலா மக்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் குறிப்பேட்டில் இன்னொரு பத்தியையும் சேர்க்கச் சொல்வேன். நிறைவேறாத தேவை ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாருடையது என்று எழுதுங்கள். வாரக் கடைசியில் அந்தப் பத்தியில் பல பெயர்கள் மாறி மாறி இருந்தால், உங்கள் வீட்டில் இருப்பது டியூனர் பற்றாக்குறை. ஒரே பெயர் திரும்பத் திரும்ப இருந்தால், பற்றாக்குறை டியூனரில் இல்லை.

இன்று அந்த ரெக்கார்டர் பெரும்பாலும் தூசி படிந்து கிடக்கிறது. இணையவழித் தளங்கள் வந்துவிட்டன. பதிவு செய்ய வேண்டியதே இல்லை, வேண்டியபோது பார்க்கலாம் என்றார்கள். உண்மைதான். ஆனால், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களின் சந்தாவை எடுத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒரு திரை, இரண்டு திரைகள், நான்கு திரைகள் என்று படிப்படியாக விலை ஏறுகிறது. டியூனர் என்ற பெயர் மறைந்து திரை என்ற பெயர் வந்திருக்கிறது. கோவையில் கல்லூரியில் படிக்கும் பேரன் விடுதியிலிருந்தும், மகன் தன் அறையிலிருந்தும் எங்கள் வீட்டுச் சந்தாவிலேயே பார்க்கிறார்கள். சில இரவுகளில் மருமகள் பணி முடிந்து வந்து கைப்பேசியைத் திறந்தால், அனுமதிக்கப்பட்ட திரைகள் அனைத்தும் பயன்பாட்டில் உள்ளன என்ற அறிவிப்பு வருகிறது.

இப்போது அவள் பரவாயில்லை என்று சொல்வதில்லை. பேரனைத் தொலைபேசியில் அழைத்து, “பத்து மணிக்கு என் முறை” என்கிறாள். அவனும் மறுபேச்சின்றி நிறுத்திவிடுகிறான். எங்கள் வீட்டில் அலைவரிசைப் பங்கீடு செம்மையானது மூன்றாவது டியூனரால் அன்று. அவள் வாய்விட்டுக் கேட்கத் தொடங்கியதாலும், கூடத்தில் இருந்த நாங்கள் கேட்கும் முன்பே விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொண்டதாலும்தான்.